வரிசையில் வைத்த குடம்

மார்ச் 3, திங்கள்

இந்த டைரி உரக்கடையில் ஓசியில் கொடுத்தது. ஆறு வருஷம் பழசு. பக்கத்துக்குப் பக்கம் மேலே ஒரு யூரியா மூட்டை படம். கிழமை எதுவும் ஒத்துவராது, அடித்துத் திருத்திக்கொள்கிறேன். ‘பெரிய ஆளாகணும்னா தினமும் பேனா பிடிச்சு எழுது’ என்று ஐம்பது லட்சம் பேர் பின்தொடரும் ஒரு யூட்யூபர் சொன்னார். நான் பெரிய ஆளாவதன் முதல் நாள் இன்று.

பிற்காலத்தில் என் வரலாற்றை எழுதப்போகிறவர்களுக்காக: பெயர் சுடலைராஜ். வயது பத்தொன்பது. பகலில் மொபைல் கடையில் வேலை. ‘வல்லேந்தல் வெறியன்ஸ்’ கிரிக்கெட் பக்கத்தின் நிறுவனர், ஆசிரியர், கேமராமேன், எடிட்டர் எல்லாம் நானே. பின்தொடர்பவர்கள் 612. எடிட்டிங், கிராபிக்ஸ் எதையும் எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இந்தி தெரியாமலே இந்தி வீடியோக்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். இந்தி இன்னும் தெரியாது.

இப்போது செய்தி. வல்லேந்தலுக்கு ஸ்டேடியம் வருகிறது!!! சந்தைத் திடலில்! பன்னிரண்டு கோடியில்! ஏழாயிரம் பேர் உட்காரலாம், பச்சைப் புல், நாலு மூலையிலும் விளக்குக் கோபுரம். அடிக்கல் விழாவுக்கு நம்ம ஊரில் பிறந்த புயல், மாநில அணியின் வேகப்பந்து வீச்சாளர் அருள்மாணிக்கம் நேரில் வருகிறார்.

வாசித்ததும் மொபைல் கடையில் சத்தம் போட்டுவிட்டேன். ரீசார்ஜ் பண்ண வந்த ஒருவர் பயந்துபோய்ப் பக்கத்துக் கடையில் ரீசார்ஜ் செய்துகொண்டார்.

மார்ச் 5, புதன்

இன்று லாரி வந்தது. எட்டு நாள் கழித்து.

எங்கள் தெருவுக்குக் குழாய் கிடையாது. நகராட்சித் தண்ணீர் லாரிதான். அது எந்த நாள் வரும், எத்தனை மணிக்கு வரும் என்பது டிரைவருக்கே கடைசி நிமிஷத்தில்தான் தெரியும் என்கிறார்கள். அதனால் பொழுது விடிந்ததும் தெருமுனையில் குடங்களை வரிசையாக வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். ஆள் நிற்க வேண்டியதில்லை, குடம் நிற்கும்.

வரிசையில் வைத்த குடத்தை அந்த வீட்டுக்காரரைத் தவிர யாரும் தொடக்கூடாது. இது வல்லேந்தலில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்காத சட்டம். எங்கள் ஊரில் வீடு புகுந்து சங்கிலி பறித்திருக்கிறார்கள், கோயில் உண்டியலை உடைத்திருக்கிறார்கள். ஒரு குடத்தை ஒருவன் ஒரு அடி நகர்த்தி வைத்ததாகச் சரித்திரமே இல்லை. போன வருஷம் வரிசையின் நடுவே ஒரு மாடு படுத்துக்கொண்டது. மாட்டைத்தான் நகர்த்தினார்கள்.

எங்கள் குடம் நீலம். அடையாளத்துக்காகக் கழுத்தில் என் பழைய பேட்டின் பச்சை ரப்பர் கிரிப்பைச் சுற்றி வைத்திருக்கிறாள் அம்மா. அந்த கிரிப்போடு நான் 43 ரன் அடித்திருக்கிறேன். அம்மாவுக்கு அதெல்லாம் தெரியாது.

அம்மா ஒன்பது குடம் எடுத்தாள். நான் ஸ்டேடியம் கிராபிக்ஸ் வேலையில் இருந்தேன், நடுவில் எழுந்திருக்க முடியாது. கம்ப்யூட்டரில் வீடியோ ரெண்டர் ஓடிக்கொண்டிருந்தது.

“எய்யா, இந்த ஒரு குடத்த மட்டும் உள்ள வச்சிரு. கை ஒசர மாட்டேங்கி.”

“அஞ்சு நிமிசம்மா.”

அஞ்சு நிமிஷம் கழித்துப் பார்த்தேன். குடம் உள்ளேதான் இருந்தது.

மார்ச் 8, சனி

ஸ்டேடியம் வீடியோ வெளியானது! கேமரா ஆகாயத்திலிருந்து இறங்கி, கேலரியைச் சுற்றி, புல்லை உரசிக்கொண்டு போய், ஸ்டம்பில் இடித்து நிற்கும். புல்லின் பச்சை நிறத்துக்கு மட்டும் மூன்று நாள் உழைத்தேன். உண்மையான பச்சை எப்படி இருக்கும் என்று பார்க்க ஊரில் எதுவும் இல்லாததால் இணையத்தில் பார்த்துக்கொண்டேன்.

கேலரியில் என்னையும் ஒரு ஆளாக வைத்திருக்கிறேன். வடக்குப் பக்கம், மூன்றாவது வரிசை. யாருக்கும் தெரியாது.

மார்ச் 9, ஞாயிறு

நாற்பதாயிரம் பார்வை!!! நகராட்சி சேர்மன் பூலோகராஜ் அண்ணாச்சியே பகிர்ந்திருக்கிறார்!!!

மார்ச் 12, புதன்

ஒருவர் கமெண்டில் கேட்டிருந்தார்: ‘புல்லுக்குத் தண்ணிக்கு எங்க போவீங்க?’

எதிரிகளின் வாயை அடைக்கத் தகவல்தான் ஆயுதம். நேரே நகராட்சி அலுவலகம் போய் இன்ஜினியரைப் பார்த்தேன். பொறுமையாக விளக்கினார். வந்து பெரிய எழுத்தில் பதிவு போட்டேன்: ‘கவலை வேண்டாம்! புல்லுக்கு மட்டும் தினமும் அறுபதாயிரம் லிட்டர்! தனி ஆழ்துளைக் கிணறு, தனி மோட்டார், தனி பைப் லைன்! ஒருநாள்கூடத் தவறாது! வல்லேந்தல்டா!’ கீழே நெருப்புப் படம் ஐந்து.

வரவேற்பு எதிர்பார்த்ததைவிட அதிகம். ஆனால் யாரும் நெருப்புப் படம் போடவில்லை.

சாயங்காலம் எதிர்வீட்டு ஜெபராணி அக்கா வந்தாள். தையல் கடை வைத்திருக்கிறாள். ஸ்டேடியம் வேண்டாம் என்று கையெழுத்து வாங்குகிற கூட்டத்துக்கு அவள்தான் தலைவி. கையில் என் பதிவின் பிரிண்ட்.

“சுடலை, இத நீதான போட்ட?”

“ஆமாக்கா.”

“நல்லா இருப்ப மக்கா. ரெண்டு மாசமா இந்தக் கணக்கக் கேட்டு மனு எழுதிக்கிட்டு கெடக்கேன், ஒருத்தனும் வாயத் தெறக்கல. நீ ஒரே நாள்ல வாங்கிட்ட. இருநூறு காப்பி எடுத்திருக்கேன்.”

“அக்கா, அது ஆதரிச்சுப் போட்ட பதிவு.”

“இருக்கட்டுமே. ஒரு எழுத்தக்கூட நான் மாத்தலயே. நெருப்பு அஞ்சையும் அப்படியே வச்சிருக்கேன்.”

மார்ச் 13, வியாழன்

டீக்கடை, ரேஷன் கடை, பஸ் ஸ்டாண்டு கழிப்பறை, எல்லாச் சுவரிலும் என் பதிவு ஒட்டியிருக்கிறது. இவ்வளவு பேர் படித்த என் முதல் எழுத்து இதுதான்.

மார்ச் 17, திங்கள்

சமுதாயக் கூடத்தில் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். எங்கள் பக்கத்துக்காக நான் வீடியோ எடுக்கப் போனேன்.

விஷயம் இதுதான். எங்கள் பகுதிக்கு மேல்நிலைத் தொட்டியும் வீட்டுக்கு வீடு குழாயும் போட ஒரு திட்டம் இரண்டு வருஷமாக இருக்கிறது. பைப்புகள்கூட வந்து ரோட்டோரம் கிடக்கின்றன. நாங்கள் அவற்றை எல்லைக்கோடாக வைத்துத்தான் விளையாடுகிறோம். பைப்பில் பட்டால் நாலு, தாண்டினால் ஆறு. அந்தத் திட்டத்துக்கு ஒதுக்கிய பணத்தைத்தான் ஸ்டேடியத்துக்கு மாற்றுகிறார்கள். மார்ச் முப்பத்தொன்றில் நகர்மன்றக் கூட்டம். அன்று தீர்மானம் நிறைவேறிவிட்டால் ஸ்டேடியம் உறுதி. குழாய் ‘பிறகு’. அதற்கு முந்தைய நாள், முப்பதாம் தேதி அடிக்கல் விழா. தீர்மானத்துக்கு முன்பே அடிக்கல் எப்படி என்று கேட்டேன். “நல்ல நாள் அதுதான் தம்பி” என்றார் இன்ஜினியர்.

கூட்டத்தில் அவர் படம் போட்டு விளக்கினார். “இது சாதாரணப் புல் இல்லம்மா. ரெண்டு நாள் தண்ணி இல்லன்னா செத்துரும். அதனாலதான் தனி ஏற்பாடு.”

பின்னால் யாரோ மைக்கைக் கேட்டார்கள். திரும்பினால் அம்மா. அம்மா கூட்டத்துக்கு வருவாள் என்று எனக்குத் தெரியாது. வாழ்க்கையில் முதல் தடவையாக மைக் பிடிக்கிறாள்.

“எம் பேரு முத்துக்கிளி. எட்டாவது வார்டு. நாங்க எட்டு நாளு தாங்குதோம் சார். அப்ப நாங்களும் ரெண்டு நாள்ல செத்தம்னாதான் லைன் போடுவீயளோ?”

கூடமே கைதட்டியது. மேடையில் உட்கார்ந்திருந்த சேர்மனும் பழக்கத்தில் இரண்டு தட்டு தட்டிவிட்டு நிறுத்தினார்.

அம்மா மைக்கை வாயிலிருந்து ரொம்பத் தள்ளிப் பிடித்திருந்தாள். ஆடியோ தரம் சரியில்லாததால் அந்தப் பகுதியை வெட்டிவிட்டேன்.

வெட்டிய துண்டை அழிக்கவில்லை. தனியாக ஒரு ஃபோல்டரில் இருக்கிறது.

மார்ச் 20, வியாழன்

அம்மாவை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வலது தோள் இறுகிவிட்டதாம். டாக்டர் சின்ன வயசுப் பெண். கையை மேலே தூக்கச் சொன்னார். காதுவரைகூட வரவில்லை.

“குடம் தூக்குவீங்களாம்மா?”

“ஆமாங்க.”

“இனிமே தூக்கக்கூடாது.”

“சரிங்க.”

“வீட்ல வேற யாரு இருக்கா?”

அம்மா என்னைப் பார்த்தாள். டாக்டரும் பார்த்தார். நான் சுவரில் இருந்த எலும்புப் படத்தைப் பார்த்தேன். வேகப்பந்து வீச்சாளர்களுக்கும் இதே இடத்தில்தான் அடிபடும்.

“அவங்க அப்பா சூரத்துல முறுக்குக் கம்பெனில இருக்காவ. இவன் கம்ப்யூட்டர் வேலை பாக்கான்” என்றாள் அம்மா.

வரும் வழியில் லாரி எங்கள் தெருவில் இருந்து திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்த நேரத்தில் வந்திருக்கிறது. ஜெபராணி அக்கா எங்களுக்காக மூன்று குடம் பிடித்து வைத்திருந்தாள். அடுத்த லாரிவரை ஓட்ட வேண்டும். எட்டு நாளோ பத்து நாளோ.

மார்ச் 23, ஞாயிறு

நம்ப முடியவில்லை! சேர்மன் அண்ணாச்சி மொபைல் கடைக்கே வந்தார்! கார் வாசலை அடைத்துக்கொண்டு நின்றதில் ஒரு மணி நேரம் வேறு யாரும் உள்ளே வர முடியவில்லை.

“நீதான் வெறியன்ஸா? வெவரமான பயலா இருக்கியே. விழா லைவ் பூராவும் நீதான் போடணும். ஒங்கம்மா மைக்குல பேசுனத மனசுல வச்சுக்கிடல. பொம்பளைய அப்படித்தான்.”

“சரி அண்ணாச்சி.”

“என்ன வேணும் ஒனக்கு? கேளு.”

யோசிக்கவே இல்லை. “மாணிக்கம் அண்ணன் போடுத பந்துல ஒண்ணே ஒண்ணு நான் ஆடணும்.”

“ஒண்ணு என்னலே, ஓவரே ஆடு. மொதப் பந்து ஒனக்குத்தான். எங்க அக்கா மவன் ரித்திக் கேட்டுக்கிட்டே இருக்கான், அவன அடுத்து எறக்கிக்கிடலாம்.”

மணிக்கு நூற்று நாற்பது கிலோமீட்டர் வேகம். அந்தப் பந்து கையை விட்டு என்னிடம் வந்து சேர அரை நொடிகூட ஆகாது. அந்த அரை நொடிக்காகத்தான் நான் பிறந்தேனோ என்று தோன்றுகிறது. மிகைப்படுத்தி எழுதவில்லை.

மார்ச் 26, புதன்

முன்காலில் வந்து ஆடும் பயிற்சி. வாசலில் 200 தடவை. அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே பார்த்தாள்.

மார்ச் 28, வெள்ளி

லாரி வரவில்லை. வரவேண்டிய லாரிகள் விழா வேலைக்குப் போயிருக்கின்றன என்று பேச்சு. குடிக்க ஒரு குடம் மிச்சம். குளிக்கவில்லை. ஹீரோவைப் பார்க்கப்போகும் நேரத்தில் இது ஒரு சின்னப் பிரச்சினைதான்.

மார்ச் 29, சனி

திடலுக்குப் போய் ஏற்பாடுகளைப் பார்த்தேன். அடிக்கல் வந்து நட்டாகிவிட்டது. இடுப்பு உயரக் கறுப்புக் கிரானைட், பதின்மூன்று பேரின் பெயர், மேலே பட்டுத்துணி மூடியிருக்கிறது. ஆனால் தரை முழுக்கப் புழுதி. மாணிக்கம் ஓடி வந்தால் புழுதிப் புயலாகத்தான் இருக்கும்.

“கவலைப்படாதீங்க தம்பி, காலைல ஆறு மணிக்கு ரெண்டு லாரி தண்ணி வருது. அடிச்சு நனைச்சிருவோம்” என்றார் இன்ஜினியர்.

அந்த நிமிஷமே பிரேக்கிங் போட்டேன்: ‘நாளை காலை சரியாக ஆறு மணிக்குச் சந்தைத் திடலில் இரண்டு லாரி தண்ணீர்! புயலின் வருகைக்காக மைதானம் குளிக்கிறது! நேரில் வாருங்கள்!’ இவ்வளவு துல்லியமான தகவல் வேறு எந்தப் பக்கத்திலும் கிடைக்காது.

மூன்று மணி நேரத்தில் ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஷேர்!!! ஆடுகளப் பராமரிப்பில் வல்லேந்தலுக்கு இவ்வளவு ஆர்வம் இருப்பது எனக்கே தெரியாது. ஷேர் செய்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். மகளிர் கிரிக்கெட் வளர்கிறது.

அம்மாகூடக் கேட்டாள்: “எய்யா, ஆறு மணின்னா ஆறு மணிதானா?”

“இன்ஜினியரே சொன்னாரும்மா.”

“ரெண்டு லாரியா?”

“ரெண்டு.”

என் வேலையைப் பற்றி அம்மா இவ்வளவு விவரமாகக் கேட்டது இதுதான் முதல் தடவை. சந்தோஷமாக இருந்தது.

மார்ச் 30, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுத முயற்சி செய்கிறேன். கை வலிக்கிறது. பேட் பிடித்ததால் இல்லை.

ஐந்தே முக்காலுக்கு ட்ரைபாடோடு திடலுக்குப் போனேன். லைவை ஆன் செய்துவிட்டுத்தான் நிமிர்ந்து பார்த்தேன்.

குடங்கள். கேட்டிலிருந்து தொடங்கி, ஆடுகளத்தின் நட்டநடுவே ஸ்டம்பு ஊன்றுகிற இடங்களைத் தாண்டி, அடிக்கல்வரை ஒரே வரிசை. பச்சை, சிவப்பு, மஞ்சள், எவர்சில்வர். ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. எட்டு வார்டுகளின் குடங்களும் இருந்தன. அடிக்கல்லை ஒட்டி, முதல் இடத்தில் நீலக்குடம், கழுத்தில் பச்சை கிரிப். பெண்கள் எல்லாரும் கேலரி வரப்போகிற பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஆறு மணிக்கு இரண்டு லாரியும் வந்து அடிக்கல் பக்கம் நின்றன. ஆறு பத்துக்கு சேர்மனும் போலீஸும் வந்தார்கள்.

“போராட்டத்துக்குப் பர்மிசன் வாங்குனீங்களா?” என்றார் எஸ்ஐ. அவர் வெளியூர்க்காரர்.

ஜெபராணி அக்கா எழுந்து வந்தாள். “போராட்டமா? எங்க சார்?”

“இது என்னம்மா பின்ன?”

“வரிசை சார். லாரி நிக்குத எடத்துல குடம் வைக்கிறது. தண்ணி பிடிக்கப் பர்மிசன் வாங்கணும்னு எந்தச் சட்டத்துல சார் இருக்கு? லாரி ஆறு மணிக்கு வருதுன்னு எங்க தம்பி போட்டிருந்தான், வந்துட்டோம்.” என்னைக் காட்டினாள். எஸ்ஐ என்னைப் பார்த்த பார்வையை எழுத விரும்பவில்லை.

விழா டீ-ஷர்ட் போட்ட பையன்கள் எட்டுப் பேர் நின்றார்கள். “எல்லாத்தையும் எடுத்து ஓரமா வைங்கல” என்றார் சேர்மன்.

ஒருவனும் அசையவில்லை.

“என்னல, காது கேக்கலையா?”

“அண்ணாச்சி,” என்றான் ஒருவன் மெதுவாக, “யாரு வீட்டுக் குடம்னு தெரியலயே.”

“நவுத்து வைக்கத்தானல சொல்லுதேன், திருடவா சொல்லுதேன்!”

அவரே வேகமாகப் போய் ஒரு மஞ்சள் குடத்தின் முன்னால் குனிந்தார். கை குடத்துக்கு அரையடி தூரம்வரை போனது. அப்படியே கொஞ்ச நேரம் குனிந்திருந்தார். பிறகு ஏதோ தவறவிட்டதைத் தேடியதுபோலத் தரையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். அவரும் வல்லேந்தல்காரர்தானே.

“அண்ணாச்சி, ஒங்க வீட்டுக் குடமும் இருக்கு!” ஒரு பாட்டம் சிரிப்புக்கு நடுவே யாரோ கத்தினார்கள். “பதினேழாவது! எவர்சில்வரு! மதினி காலைலயே வந்து வச்சிட்டுப் போயிட்டாவ!”

சேர்மன் வீட்டில் ஆழ்துளைக் கிணறு உண்டு. ஆனால் அந்தத் தண்ணீரில் காப்பி போட்டால் உப்புக் கரிக்கும் என்பது ஊருக்கே தெரியும்.

அவர் முகம் மாறியது. “சரி. அவங்கவங்க வீட்டுக் குடத்த அவங்கவங்க ஆம்பளைய எடுங்க. இது என் உத்தரவு.” பிறகு நேராக என்னிடம் வந்து தோளில் கை போட்டார். “சுடலை, மொதக் குடம் ஒங்கம்மாவுதுதான? நீ எடுத்து ஓரமா வை. நீ எடுத்தீன்னா மத்தவனுவளும் எடுப்பானுவ. பாரு, மாணிக்கம் வந்தாச்சு. மொதப் பந்து ஒனக்கு, ஞாபகம் இருக்கா?”

வந்தேவிட்டார். திடலின் மறுகோடியில் புயல் அருள்மாணிக்கம் கையைச் சுழற்றி உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். படத்தில் பார்ப்பதைவிட உயரம்.

அடிக்கல்லை நோக்கி நடந்தேன். அம்மா குடத்தின் பக்கத்தில் வந்து நின்றாள். வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தாள்.

“எடுக்கணும்னா எடு எய்யா,” என்றாள். “ஒன் வீட்டுக் குடந்தான்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. சாப்பாடு போடட்டுமா என்று கேட்கிற குரலில் சொன்னாள்.

குனிந்து பச்சை கிரிப்பைப் பிடித்துத் தூக்கினேன். காலிக் குடம், கனமே இல்லை. தூக்கினேனே தவிர, ஓரத்துக்குப் போகக் கால் வரவில்லை. வரிசையின் முதல் குடத்தைத் தூக்கினால் அதைக் கொண்டுபோய் வைக்க ஒரே ஓர் இடம்தான் உண்டு. லாரிக் குழாய்க்குக் கீழே. அங்கே போய் வைத்துவிட்டேன். நான் எதையும் முடிவு செய்யவில்லை என்பதை இங்கே தெளிவாகப் பதிவு செய்கிறேன். கை பழக்கத்தில் செய்தது.

டிரைவருக்கும் அதே பழக்கம். குழாய்க்குக் கீழே குடம் வந்ததும் வால்வைத் திறந்துவிட்டார்.

தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டதும் அத்தனை பெண்களும் எழுந்து அவரவர் குடத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டார்கள்.

சேர்மன் என்னை நோக்கி வந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. வழியில் ட்ரைபாடைப் பார்த்ததும் நின்றார்.

“லைவ் ஓடுதா?”

“ஓடுது அண்ணாச்சி.”

“எத்தன பேரு?”

“நாலாயிரத்து இருநூறு.”

அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தார். முகத்தில் ஒரு சிரிப்பு எங்கிருந்தோ வந்து உட்கார்ந்தது. கேமராவைப் பார்த்து, “தாய்மாருக்குத் தண்ணிய நான்தான் தெறந்துவிடச் சொன்னேன். வல்லேந்தலுக்குத் தண்ணிதான் மொதல்ல, மத்ததெல்லாம் அப்புறம்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “சத்தமும் சேந்து போகுதா?”

“போகுது அண்ணாச்சி.”

குடம் பாதி நிறைந்திருந்தபோது அந்தக் குரல் கேட்டது.

“லைவ் போடுற பையன் யாருப்பா? ஒன் வீடியோவெல்லாம் பாத்திருக்கேன். எட்டு மணிக்கு நான் வேற ஊர்ல இருக்கணும், ஒடனே கெளம்பணும். வா, ஒரு பந்தாவது போடுவோம்!”

மாணிக்கம். என்னைக் கூப்பிடுகிறார். திடல் ஓரத்தில் ஒற்றை ஸ்டம்பு ஊன்றியிருந்தார்கள். பேட்டை என் பக்கம் நீட்டிக்கொண்டு ஒருவன் நின்றான்.

குடம் முக்கால்.

“நீ போ எய்யா,” என்றாள் அம்மா. “நான் தூக்கிக்கிடுதேன்.” சொல்லிக்கொண்டே குனிந்துவிட்டாள். இடது கை குடத்தின் கழுத்துக்குப் போனது. வலது கை பாதி வந்து நின்றது. பல்லைக் கடித்தாள். அதையும் மற்றவர் பார்க்காதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு கடித்தாள்.

“அண்ணே,” என்று கத்தினேன், “ஒரே ஒரு குடம்!”

மாணிக்கம் ஒரு வினாடி புரியாமல் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். சிரித்துவிட்டார். பன்னிரண்டு வயதுவரை இந்த ஊரில் இருந்தவர். “சரிதான், மொதக் குடமா? நீ பாரு, நீ பாரு.”

தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தேன். எங்கள் வீடு மூன்று தெரு தள்ளி. திடலின் கேட்டைத் தாண்டும்போதே பின்னால் கூட்டம் ஆர்ப்பரிக்கிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் தண்ணீர் சிந்தும்.

திரும்பி வந்தபோது மாணிக்கத்தின் கார் கிளம்பிக்கொண்டிருந்தது. ரித்திக் பேட்டோடு போஸ் கொடுத்துக்கொண்டிருந்தான். இரண்டாவது குடத்தோடு அம்மா வரிசையில் நின்றாள்.

மொத்தம் பதினொன்று எடுத்தேன்.

மார்ச் 31, திங்கள்

நகர்மன்றத்தில் ஸ்டேடியம் தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது. தொட்டியும் குழாயும் முதலில் என்று ஒருமனதாக முடிவு. சேர்மனின் லைவ் பேச்சு ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டதால் அவருக்கு வேறு வழி இல்லை என்கிறாள் ஜெபராணி அக்கா. அது என் பக்கத்தின் வெற்றியா தோல்வியா என்று பலர் கேட்கிறார்கள். பின்தொடர்பவர்கள் பதினோராயிரம் ஆகியிருக்கிறார்கள் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

நான் இப்போதும் ஸ்டேடியம் ஆதரவாளன்தான். இதை யாரும் தவறாகப் புரிந்துகொள்ள வேண்டாம். குழாய் வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்கிறேன்.

ஏப்ரல் 2, புதன்

ரோட்டோரப் பைப்புகளை எடுத்துப் பள்ளத்தில் இறக்குகிறார்கள். எல்லைக்கோடு போய்விட்டது. இனி எது நாலு, எது ஆறு என்று முடிவுசெய்ய வேண்டும்.

ஏப்ரல் 4, வெள்ளி

குழாய் வரும்வரை லாரிதான். இப்போது டிரைவரே காலையில் எனக்கு போன் செய்துவிடுகிறார், நான் பக்கத்தில் நேரம் போட்டுவிடுகிறேன். ‘லாரி கிளம்பியது. பஸ் ஸ்டாண்டு தாண்டியது. ஐந்தாவது வார்டில் வளைகிறது.’ ஸ்கோர் மாதிரி. இவ்வளவு பரபரப்பாக எந்த மேட்சையும் நம் மக்கள் பார்த்ததில்லை.

எங்கள் பகுதிக்கு இப்போது லாரி திடலில்தான் நிற்கிறது. அந்தப் பட்டுத்துணியை யாரோ கொண்டுபோய்விட்டார்கள். நிறைந்த குடத்தைத் தரையிலிருந்து ஒரேயடியாகத் தூக்குவது கஷ்டம். முதலில் அடிக்கல் மேல் வைத்து, அங்கிருந்து இடுப்புக்கு மாற்றிக்கொள்கிறார்கள். பதின்மூன்று பெயர்கள் மீதும் தண்ணீர் வழிந்துகொண்டிருக்கிறது.

“உசரம் அளவெடுத்த மாதிரி வச்சிருக்கானுவ” என்றாள் ஜெபராணி அக்கா.

ரித்திக் அந்த ஒரு பந்தின் வீடியோவைப் போட்டிருக்கிறான். மூன்று லட்சம் பார்வை. எதேச்சையாகத் திறந்தேன். நாற்பத்தொரு தடவை பார்த்தேன். பந்து விழுந்த இடம், எகிறிய உயரம், எல்லாம் மனப்பாடம். ரித்திக் லெக் பக்கம் ஒதுங்குகிறான், ஸ்டம்பு பறக்கிறது. பின்னால், திரையின் மூலையில், ஒருவன் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு திடலை விட்டுப் போகிறான். கமெண்டில் ஒருவர் கேட்டிருக்கிறார்: ‘பின்னாடி குடத்தோட போறவர் யாரு? பேலன்ஸ் சூப்பர்.’

பார்த்துக்கொண்டிருக்கும்போது அம்மா பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை. தோளுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். கை இப்போது காதுவரை வருகிறது.

“திரும்பப் போடு,” என்றாள்.

போட்டேன்.

“பாத்தியா, பயந்து ஒதுங்கிட்டான்.” திரையில் ரித்திக்கின் காலை விரலால் காட்டினாள். “நீன்னா ஒதுங்கிருக்க மாட்ட. முன்கால எடுத்து வச்சு ஆடிருப்ப.”

அம்மா எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நாளை லாரி ஆறரைக்கு. பதிவு போட்டாயிற்று.